மணியம் அண்ணன் காலும் என் வாயும்

தம்பி,

நீ சுகமா என்று கேட்டு ஆரம்பிக்க எனக்குக் கை வரவில்லை. சுகமாக இல்லை என்று தெரிந்துகொண்டே கேட்பது வெறும் சடங்கு. ஜெலுத்தோங்கில் வைத்தியம் பார்க்கிற மாடியறையைப் பூட்டி, வாசல் பெயர்ப் பலகையைக் கழற்றிக் காரின் பின்னால் போட்டுக்கொண்டு போனவன் எப்படிச் சுகமாக இருப்பான்? உன் அத்தா நான் அனுப்பும் வாய்ஸ் மெசேஜ் எதையும் நீ திறப்பதே இல்லை. உன் அம்மா போன் போட்டால் எடுக்கிறாய். பின்னால் என் இருமல் கேட்டதும் "சரிம்மா, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் மதியக் கூட்டம் ஓய்ந்த பிறகு கல்லாவில் உட்கார்ந்து பேனாவைப் பிடித்திருக்கிறேன். நேரில் பேசினால் நான் கத்துவேன், நீ எழுந்து போவாய். எழுத்தில் கத்த முடியாது பார், அது ஒரு சௌகரியம். கோபம் வந்து நீ பாதியில் மடித்து வைத்தாலும், தணிந்த பிறகு விட்ட இடத்திலிருந்து படிக்கலாம்.

வருகிற மாதம், பாலத்துக்கு அந்தப் பக்கம் பத்து காவான் என்கிற ஊரில் ஒரு தொழிற்சாலையில் சேரப்போகிறாய் என்று அம்மா சொன்னாள். பழையபடி இன்ஜினியர் வேலை, பழையபடி கழுத்தில் அட்டை. நல்ல வேலைதான், குறை சொல்லவில்லை. உனக்கே ஆசை இருந்தால் தாராளமாகப் போ, தினமும் காலையில் பாலத்தைத் தாண்டி நானே கொண்டுபோய் விடுகிறேன். ஆனால் நீ ஆசைப்பட்டுப் போகவில்லை. என் வாய் செய்த காரியத்தால் மனம் வெறுத்துப் போகிறாய். அந்த மாடியறைக் கதவு திரும்பத் திறக்குமா என்பது ஒன்றுதான் இப்போது எனக்குச் சோறு இறங்காமல் செய்கிற கேள்வி.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் கேள்விப்பட்டுக் குதிக்காதே. இந்தக் கடிதத்தை இன்னொரு பிரதி எடுத்துக் கடைச் சுவரில், கை கழுவும் இடத்துக்கு மேலே ஒட்டப்போகிறேன். ஊர் கேட்கப் பேசினவன் ஊர் பார்க்கத்தான் எழுத வேண்டும். நம் வாடிக்கையாளர் மணியம் அண்ணனிடம் கேட்டுவிட்டேன். கடைக்கு வருகிற எல்லாரையும் போல அவரும் என்னை நானா என்றுதான் கூப்பிடுவார், "எழுதுங்க நானா, என் காலைப் பத்தியும் எழுதுங்க" என்று சொல்லிவிட்டார். உன் பெயரும் என் பெயரும் போடவில்லை. நம் கடைக்கு வருகிறவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தேவையில்லை.

நீ அக்கரையில் பிறை ஊரில் பார்த்த வேலையை விட்டுவிட்டு உடம்பு வைத்தியம் படிக்கப் போகிறேன் என்று வந்து நின்ற நாளை நான் மறக்கவில்லை. மருந்து இல்லை, ஊசி இல்லை, கையும் மூச்சும் தூக்கமும் சாப்பாடும் சேர்த்துப் பார்க்கிற வைத்தியம் என்றாய். நான் வாய்விட்டுச் சிரித்தேன். "இன்ஜினியருக்குப் படிக்க வெச்சா, இவன் ஊரான் காலை அமுக்கப் போறானாம்" என்று அடுப்படி வரை கேட்கும்படி சொன்னேன். நீ முகம் சுளிக்கவில்லை. "அமுக்குறது இல்ல அத்தா, ஒரு நாள் வந்து பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாய். நான் வந்து பார்க்கவில்லை. என் வலது தோள்தான் என்னை உன்னிடம் இழுத்துக்கொண்டு வந்தது.

நாசி கண்டார்ச் சோற்றுக் கடைக்காரனுக்கு வலது கை போனால் என்ன மிச்சம்? சோற்றின் மேல் கறியை வெள்ளமாக ஊற்று, "பஞ்சிர்" ஊற்று என்று வாடிக்கையாளர் கேட்பார், எனக்கோ கரண்டி தோளுக்கு மேல் போகவில்லை. சட்டை போட உன் அம்மா வேண்டும். தலை சீவ உன் அம்மா வேண்டும். அவள் சிரித்துக்கொண்டே செய்தாள், நான் எரிந்து விழுந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். நீ வந்து பார்த்தாய். உடனே கை வைப்பாய் என்று நினைத்தேன். நீ செய்த முதல் வேலை என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனதுதான். தோள் இறுகிப் போயிருக்கிறது, எலும்பில் கோளாறு இல்லை, பல மாதம் ஆகும், மெல்ல மெல்லத் திரும்பும், இந்தப் பயிற்சிகளைச் செய்யுங்கள் என்று டாக்டர் சொன்னார். அதற்குப் பிறகுதான் உன் அறையில் என்னைப் படுக்க வைத்தாய்.

அப்போதும் நீ உடனே ஒன்றும் செய்யவில்லை. எந்தப் பக்கம் படுப்பேன், எத்தனை தடவை விழிப்பேன், கடையில் எந்த இடத்தில் நிற்பேன், கோபம் வந்தால் முதலில் எங்கே இறுகும் என்று கேட்டுக்கொண்டே போனாய். "இது என்ன வைத்தியமா, போலீஸ் ஸ்டேஷனா?" என்றேன். பிறகு என் தோளுக்கு அடியில் உள்ளங்கையை வைத்தாய். வைத்தாய், அவ்வளவுதான். நான் காத்திருந்தேன், காத்திருந்தேன், பொறுமை போய்விட்டது.

"அமுக்குடா!"

"அமுக்க மாட்டேன் அத்தா. உங்க தோள் பயந்துபோய் இறுகிக் கெடக்கு. நான் அமுக்குனா இன்னும் இறுகும்."

"அப்ப நீ என்னதான் பண்ற?"

"உங்க உடம்பு அது வேலையைச் செய்யுது. நான் கொஞ்சம் இடம் விட்டுக் குடுக்கிறேன்."

எனக்கு அன்று அது விளங்கவில்லை. ஆனால் உன் கை சூட்டில் அப்படியே தூங்கிப்போனேன் என்பது உண்மை, குறட்டை விட்டேன் என்று நீயே அம்மாவிடம் போட்டுக்கொடுத்தாய். அடுத்த வாரம் நீ கடைக்கு வந்து ஒரு மூலையில் தே தாரேக் டீ ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, நான் கறி அள்ளுவதையே பார்த்துக்கொண்டிருந்தாய். மறுநாள் ஆளைக் கூட்டிவந்து கறிப் பானைகள் இருக்கும் மேசையைத் தாழ்த்திவிட்டாய். கையை இனிமேல் தூக்க வேண்டியதில்லை. சாயங்காலம் அஸர் தொழுததும் சற்று நேரம் படுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் போட்டாய். டாக்டர் சொன்ன பயிற்சியை நான் ஏமாற்றாமல் செய்கிறேனா என்று அம்மாவைக் காவல் வைத்தாய். மாதங்கள் போயின. எனக்கு ஒரு மாற்றமும் தெரியவில்லை, திட்டிக்கொண்டே இருந்தேன். அப்புறம் ஒருநாள் காலை, மேல் தட்டிலிருந்து மிளகாய் டின்னை எடுத்துக் கீழே வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கத் திரும்பினேன். உன் அம்மாதான் "எந்தக் கையால எடுத்தீங்க?" என்று கத்தினாள். அல்லாஹ்வே! வலது கை. நான் அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன், தம்பி. உன்னிடம் இதை இதுவரை சொன்னதில்லை.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். நான் எங்கே நிறுத்துகிறவன்? நம் கடை வரிசை வாசல் தாண்டி நிற்கும், ஒவ்வொரு தட்டிலும் கறியோடு ஒரு கரண்டி பேச்சும் ஊற்றிக் கொடுப்பவன் நான். "என் கையைப் பாத்தீங்களா? என் மகன் நல்லாக்குனது" என்று ஆரம்பித்தேன். முதல் வாரம் ஆஸ்பத்திரியையும் சேர்த்துத்தான் சொன்னேன். பிறகு ஆஸ்பத்திரி கதையிலிருந்து கழன்றுவிட்டது. பயிற்சி கழன்றுவிட்டது. மேசையைத் தாழ்த்தியது, சாயங்காலம் படுத்தது, ஆன மாதங்கள் எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்றுவிட்டன. கடைசியில் மிஞ்சியது என்ன தெரியுமா? "ரெண்டே ரெண்டு தடவை கை வெச்சான், மூணாவது நாள் நான் கரண்டி பிடிச்சேன்." இதைச் சொல்லும்போது எனக்கே அது நிஜம் போல இருந்தது. குணம் கொடுக்கிறவன் அல்லாஹ் என்று ஐந்து வேளை தொழுது எழுகிற நான், பானைக்குப் பின்னால் நின்றுகொண்டு என் மகன் கொடுக்கிறான் என்று ஊருக்கு விற்றுக்கொண்டிருந்தேன்.

நீ ஒரு தடவை வந்து கெஞ்சினாய். "அத்தா, வர்றவங்க உடம்பைப் பாக்கறதுக்கு முந்தி உங்க பேச்சைக் கழுவ வேண்டியிருக்கு. மூணு நாள்ல சரியாயிருமான்னு கேக்குறாங்க. நான் அப்படி எதுவும் சொல்றது இல்ல." நான் அதை உன் அடக்கம் என்று எடுத்துக்கொண்டேன். பார், என் பிள்ளை எவ்வளவு பணிவு என்று அதையும் சேர்த்து மறுநாள் வரிசையில் சொன்னேன். இப்போது நினைத்தால் சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

மணியம் அண்ணனை உனக்குத் தெரியும், சுவரில் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். அக்கரையில் இருக்கும் பிறைக்கும் நம் தீவுக்கும் லாரி ஓட்டுகிறவர். வருடக்கணக்காகக் காலைச் சாப்பாடு நம்மிடம்தான். இனிப்பு நீர், அதுதான் சர்க்கரை வியாதி, உள்ள மனிதர். மீன் தலை வேண்டும், கறி பஞ்சிராக வேண்டும், தே தாரேக்கில் மட்டும் சீனி வேண்டாம் என்பார், அதுதான் அவருடைய பத்தியம். ஒரு நாள் சாப்பிட்டு முடித்துக் காலணியைக் கழற்றிக் காட்டினார். புது பூட்ஸ் கடித்து, சின்ன விரல் பக்கம் ஒரு புண்.

"வலிக்கவே இல்லலா நானா, அதான் பெருசா எடுத்துக்கல. ஆனா ஆறவும் மாட்டேங்குது. ஆஸ்பத்திரிக்குப் போலாமான்னு இருக்கேன்."

வலிக்கவில்லை என்று சொன்னதும் நான் நிம்மதியானேன். இனிப்பு நீர்க்காரர் காலில் வலி தெரியாமல் போவதுதான் ஆபத்து என்று நீ பின்னால் சொல்லித்தான் எனக்குத் தெரியும். "எதுக்கு ஆஸ்பத்திரி? போனா வெட்டணும்பான்" என்றேன் நான். "உடம்பு தன்னைத்தானே சரி பண்ணிக்கும், என் மகன் அடிக்கடி சொல்வான். இப்ப ஈப்போவுல ஏதோ வகுப்புக்குப் போயிருக்கான், வெள்ளிக்கிழமை வந்துருவான். அதுவரைக்கும் பொறுங்க." அதோடு விட்டேனா? அடுப்படிக்குள் போய், கறிக்கு வைத்திருந்த மஞ்சள் தூளை ஒரு கை அள்ளிப் பழுப்புத் தாளில் மடித்துக் கொண்டுவந்து கொடுத்தேன். மஞ்சள் புண்ணுக்கு நல்லது, இது யாருக்குத் தெரியாது என்று ஒரு வசனம் வேறு. அவர் என்னை நம்பினார். என் கையைத்தான் தினமும் பார்க்கிறாரே.

நீ சொன்ன வாக்கியத்தில் பாதியைத்தான் அவரிடம் சொன்னேன், தம்பி. உடம்பு தன்னைத்தானே சரி பண்ணிக்கொள்ளும், நாம் அதற்குக் குறுக்கே நிற்காமல் இருந்தால் என்பதுதான் நீ எப்போதும் சொல்வது. பின்பாதியை முழுங்கிவிட்டு, குறுக்கே போய் நின்றவனும் நான்தான்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து நானே அவரைப் பெருமையாக உன் அறைக்குக் கூட்டி வந்தேன். படி ஏறும்போதே அவருக்குக் காய்ச்சல் அடித்தது, வெயில் என்று நினைத்தோம். நீ சிரித்துக்கொண்டே வரவேற்றாய். துணியைப் பிரித்தாய். உன் முகத்தில் சிரிப்பு நின்றுபோனதை நான் பார்த்தேன்.

"இந்த மஞ்சள் யார் போட்டது?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் பேசாமல் நின்ற இடங்கள் குறைவு.

"எப்பலேர்ந்து இப்படி இருக்கு அண்ணே?"

"போன வாரமே காட்டுனேன் தம்பி. நீங்க வர்ற வரைக்கும் பொறுக்கச் சொன்னாரு நானா."

நீ என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அண்ணே, இது நான் கை வைக்கிற விஷயம் இல்ல. எந்திரிங்க, இப்பவே போறோம்" என்று அவரைத் தோளில் தாங்கி இறக்கினாய். காரில் பின் சீட்டில் அவர் காலை என் மடியில் வைத்துக்கொண்டேன். நாற்றம் மூக்கைத் துளைத்தது. மஞ்சள் என் வெள்ளைச் சட்டையெல்லாம் ஒட்டியது. நீ போகிற வழி முழுக்க அவரிடம் சாதாரணமாகப் பேசிக்கொண்டே வந்தாய், அவர் பயப்படாமல் இருக்க.

ஆஸ்பத்திரியில் சின்ன விரலை எடுத்தார்கள். பாதத்தைக் காப்பாற்றிவிட்டார்கள், இன்னும் சில நாள் போயிருந்தால் பாதமும் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். நடைவழியில் நீ என்னிடம் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. "என் பேரைச் சொல்லி ஒரு மனுஷன் உக்காந்திருந்தாரு, கால் அழுகிக்கிட்டிருந்துச்சு. இனிமே நான் யார் மேலயும் கை வைக்க மாட்டேன்." அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம். "நல்லதுக்குத்தானேடா சொன்னேன்" என்றேன். நீ நடந்து போய்விட்டாய். மறுநாள் பலகை இறங்கியது.

இப்போது நீ பார்க்காததைச் சொல்கிறேன். மணியம் அண்ணனுக்குக் காலில் கட்டு மாற்றக் கிளினிக்குக்குப் போக வேண்டும், ஆள் இல்லை. மனைவி காலமாகிவிட்டார், மகள் சிங்கப்பூரில். நான் கூட்டிப் போகிறேன் என்றேன். அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் எனக்கும் தேவலையாக இருந்திருக்கும். "கார்ல ஏசி இருக்குல்ல நானா?" என்று மட்டும் கேட்டார். முதல் தடவை கட்டைப் பிரித்தபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். விரல் இருந்த இடத்தில் ஒரு குழி. கட்டு மாற்றுகிற நர்ஸ் மிஸ்ஸி ஒரு மலாய்ப் பெண், நம் கடையில் வேலை பார்க்கிறவர்களைவிட வேகமான கை. அவள் என்னைப் பார்த்துச் சிரித்து, "சபார்லா பக்சிக்" என்றாள், பொறுமையாக இருங்கள் மாமா என்று. என் முகத்தில் பயம் எழுதியிருந்தது போல.

மூன்றாவதோ நான்காவதோ தடவை போனபோது துணிந்து பார்த்தேன். குழியின் அடியில் சின்னச் சின்ன மணியாகச் சிவப்புச் சதை. மாதுளம் பழத்தை உடைத்தது போல இருந்தது. "இது நல்லதா கெட்டதா?" என்று கேட்டேன். நல்லது, புதுச் சதை என்றாள். "என்ன மருந்து போட்டு மூடுறீங்க?" என்றேன். அவள் மலாயில் சொன்னதை நம் பேச்சில் எழுதுகிறேன்.

"மூடுறது நான் இல்ல பக்சிக், அவர் உடம்பு. நான் அழுக்கை எடுக்கிறேன், காஞ்சு போகாம பாத்துக்கிறேன், அவ்வளவுதான். மேல சீக்கிரமா மூடிடக் கூடாது. அடியிலேர்ந்து சதை நிரம்பி வரணும். மேல மட்டும் மூடிக்கிட்டா உள்ள சீழ் கட்டிரும்."

எனக்கு உடம்பு சிலிர்த்துப்போனது, தம்பி. நீ உன் அறையில் என் தோளுக்கு அடியில் கையை வைத்துக்கொண்டு சொன்ன அதே பேச்சு. அவள் வெள்ளை உடுப்பில் சொல்கிறாள், நீ பருத்திச் சட்டையில் சொன்னாய். டாக்டர் மருந்து எழுதினார், தொற்றை அடக்கினார், கெட்டதை வெட்டி எடுத்தார். அது இல்லாவிட்டால் மணியம் அண்ணன் இன்று இல்லை. ஆனால் அந்தக் குழியை எந்த டாக்டரும் நிரப்பவில்லை. அவர் சர்க்கரை இறங்க இறங்க, அந்தக் காலில் பாரம் விழாமல் இருக்க இருக்க, அவர் உடம்பே கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பியது. நான் என் கண்ணால் ஒவ்வொரு தடவையும் பார்த்தேன். உடம்பு தன்னைச் சரி செய்துகொள்ளும் என்பதை நீ வாயால் சொன்னபோது அரைகுறையாகக் கேட்டேன், புண்ணின் அடியைப் பார்த்தபோதுதான் முழுசாகக் கேட்டேன். என் தட்டிலும் அவர் தட்டிலும் இப்போது பஞ்சிர் கிடையாது. அவர் முறைக்கிறார், நான் முறைக்கிறேன், சோறு குறைந்தபடியே இருக்கிறது.

உன் அம்மா நடுவில் ஒரு யோசனை சொன்னாள். "அவனுக்குப் பிடிச்ச ஆட்டுக்கறி பிரியாணி போட்டுக் கூப்பிடுவோம், நீங்க ஒண்ணும் பேசாதீங்க, அவனும் ஒண்ணும் பேச மாட்டான், எல்லாம் சரியாயிரும்" என்று. முன்பெல்லாம் நம் வீட்டுச் சண்டைகளை அப்படித்தானே முடித்திருக்கிறோம். நான் வேண்டாம் என்றேன். மேலே மட்டும் மூட வேண்டாம் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். உன் கோபம் நியாயமானது, அது ஆற எவ்வளவு நாள் வேண்டுமோ எடுத்துக்கொள். பிரியாணி எங்கே போகிறது, அப்புறம் போடலாம்.

நீ அந்த வெள்ளிக்கிழமையை உன் தோல்வி என்று நினைக்கிறாய். உன் பெயரால் ஒருவர் விரலை இழந்தார் என்று நினைக்கிறாய். நான் வேறு மாதிரி பார்க்கிறேன், கேள். இந்தத் தீவில் உன் மாதிரி வைத்தியம் செய்கிறேன் என்று பலகை மாட்டியவர் நிறைய. அவர்களில் எத்தனை பேர், நம்பி வந்து படுத்தவரிடம் "இது என் வேலை இல்ல, எந்திரிங்க" என்று சொல்லித் தோளில் தாங்கி இறக்குவார்கள்? அன்று ஒரு எண்ணெயைத் தடவி, மூச்சை இழுத்துவிடச் சொல்லி அனுப்பியிருந்தால் அவரும் சந்தோஷமாகப் போயிருப்பார், நானும் மறுநாள் வரிசையில் சொல்லிக்கொண்டிருப்பேன். அவர் போய்ச் சேர்ந்திருப்பார். எப்போது கை வைக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். எப்போது வைக்கக் கூடாது என்று தெரிந்தவன் என் மகன். அந்த ஆள் தொழிலை விட்டுப் போய்விட்டால், மிச்சம் இருப்பவர்கள் யார்? என்னைப் போல மஞ்சள் கொடுக்கிறவர்கள்தான்.

போன வாரம் ஒருவர் தட்டை நீட்டிக்கொண்டு கேட்டார். "நானா, உங்க மகன் ரெண்டு தடவை கை வெச்சு உங்க தோளை நல்லாக்கிட்டாராமே? என் மனைவிக்கு இடுப்பு வலி." வரிசையில் எல்லாரும் பார்க்கிறார்கள். என் வாய்க்கு எப்படி நமநமவென்று இருந்திருக்கும் என்று உனக்குத் தெரியும். "இல்லங்க, நான் பொய் சொல்லிட்டேன்" என்றேன். "பல மாசம் ஆச்சு. மொதல்ல ஆஸ்பத்திரியில காட்டுனான். அப்புறம் என் உடம்பே சரி பண்ணிக்கிச்சு. அவன் கூட இருந்தான், அவ்வளவுதான். உங்க மனைவியை மொதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க." அவர் ஏமாந்த முகத்தோடு சோற்றை வாங்கிக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, "கூட இருக்கறதுன்னா என்ன பண்ணுவாரு?" என்று கேட்டார். பார்த்தாயா? பொய்யைக் கேட்டுப் பழகியவர் உண்மையைக் கேட்டதும் இன்னும் ஒரு கேள்வி கேட்கிறார். அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அதற்குப் பதில் சொல்லக்கூடிய ஆளைத்தான் பத்து காவானுக்கு அனுப்பப் பார்க்கிறோம்.

கடைசியாக ஒன்று. மணியம் அண்ணனின் புண் ஏறக்குறைய மூடிவிட்டது, மெல்ல நடக்கிறார். ஆனால் தூங்குவதில்லை. கண்ணை மூடினால் காலை வெட்ட வருகிறார்கள் என்கிறார். லாரிச் சாவியை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிடுகிறார். தோள் இரண்டும் காது வரை ஏறி இறுகிக் கிடக்கிறது, பாவம், எந்நேரமும் யாரோ அடிக்க வருவது போல உட்கார்ந்திருக்கிறார். "தம்பிகிட்ட போலாமா நானா?" என்று அவரே கேட்டார். உன்னிடம்தான், வேறு யாரிடமும் இல்லை. நான் உடனே தலையாட்டவில்லை, அவ்வளவு தூரம் திருந்திவிட்டேன். டாக்டரிடம் கேட்டோம். மருந்தை நிறுத்தக் கூடாது, அந்தக் காலைத் தொடக் கூடாது, மற்றபடி தூக்கத்துக்கும் பயத்துக்கும் அது நல்லதுதான் என்று சொன்னார். உன் மாடியறைக்குக் கீழே கடை வைத்திருக்கும், அந்த அறையை உனக்கு வாடகைக்கு விட்ட சீனரிடமும் கேட்டேன். நீ இன்னும் சாவியைத் திருப்பிக் கொடுக்கவில்லையாம்.

சனிக்கிழமை காலை அவரைக் கூட்டிக்கொண்டு ஜெலுத்தோங் வருகிறேன். கதவு திறந்திருந்தால் அவரைக் கைத்தாங்கலாக மேலே விட்டுவிட்டு, நான் இறங்கிக் காரில் உட்கார்ந்துகொள்வேன். உள்ளே என்ன செய்தாய் என்று கேட்க மாட்டேன், வெளியே யாரிடமும் சொல்ல மாட்டேன். பூட்டியிருந்தால் படியிலேயே இரண்டு பேரும் உட்கார்ந்திருப்போம். அவருக்கு இன்னும் எம்.சி., டாக்டர் கொடுத்த லீவு, இருக்கிறது, கடையை உன் அம்மா பார்த்துக்கொள்வாள். நீ அன்று வராவிட்டால் அடுத்த சனிக்கிழமையும் வருவோம். எங்களுக்கு அவசரம் இல்லை, தம்பி. காத்திருக்க இப்போதுதான் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

உன் அத்தா